வண்டிக்கு முந்தும் சீட்டு

(அம்பத்தூரில் சிறுதொழில் நடத்துவோரும் டிஸ்பேட்ச், ஸ்டோர்ஸ் ஊழியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் டிஸ்பேட்ச் வேலை பார்ப்பவர்கள் என்று சொன்னார்கள். அப்படியானால் நான் பேசி முடிப்பதற்குள் யாருக்காவது ஒரு போன் வரும். "சார், ஏ.எஸ்.என். எரர் காட்டுது, வண்டிய உள்ள விட மாட்டேங்கறாங்க." வந்தால் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் போனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஏ.எஸ்.என். என்றால் வண்டிக்கு முன்னால் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்வழி முன்னறிவிப்புச் சீட்டு.

இருபது வருடத்துக்கு முன்னால் இந்த எஸ்டேட்டில் ஒரு பாகத் தொழிற்சாலையில் நான் டிஸ்பேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி ஆயிரம் பிராக்கெட் ஏற்றி அனுப்பினோம். இன்வாய்ஸில் ஆயிரம், வண்டியில் ஆயிரம். ஒரு பீஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். "ஆயிரம்னா ஆயிரம்தானே, எண்ணிப் பாத்துக்குங்க!" அங்கே ஸ்டோர்ஸில் இருந்த பையன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, எனக்கு ஆயிரம் வேண்டாம். நாப்பது வேணும். நீங்க அம்பது கொண்டாந்திருக்கீங்க."

விஷயம் இதுதான். டிரேவுக்கு 25 வீதம் 40 டிரே என்று நாங்கள் முன்கூட்டியே அனுப்பிய ஏ.எஸ்.என். சொன்னது. பெரிய டிரே தீர்ந்துபோனதால் லோடிங் ஆட்கள் சின்ன டிரேவில் 20 வீதம் 50 டிரேவாக அடுக்கிவிட்டார்கள். அந்தப் பையன் கையில் இருந்த ஸ்கேனர் 40 டிரேயை எதிர்பார்த்துக் காத்திருந்தது. மிச்சம் பத்து டிரேவுக்குப் பேரே கிடையாது, கணக்கில் பிறக்கவே இல்லை. எனக்கு அன்று கோபம்தான் வந்தது. விஷயம் புரிய நாலைந்து வருடம் ஆனது.

இன்வாய்ஸ் பணத்தின் பாஷை. ஏ.எஸ்.என். பெட்டியின் பாஷை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் நம் வண்டிகள் கேட்டில் நிற்கின்றன. இன்று நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் ஊர் சுற்றலாம்.

கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டு எடுத்து வருவதைப் பாருங்கள். 21 தட்டு. வாசலில் நிற்கிற அத்தைக்கு தட்டுக் கணக்குதான் முக்கியம். முதல் தட்டில் மஞ்சள் குங்குமம், அடுத்ததில் தேங்காய், அதற்கடுத்ததில் பட்டுப் புடவை என்று தட்டு வாரியாக அவர் எண்ணுவார். உள்ளே சமையல்கட்டில் இருக்கிறவருக்கு அது உதவாது. அவருக்குத் தேங்காய் மொத்தம் எத்தனை, அவை எந்தெந்தத் தட்டில் வருகின்றன என்று தெரிய வேண்டும். பண்டம் ஒன்றுதான், பட்டியல் இரண்டு. யார் முதலில் கை வைக்கிறாரோ அவருக்கு ஏற்றபடி பட்டியலின் மேல்கீழ் வரிசை மாறுகிறது. மின்வழி முன்னறிவிப்பை எந்தத் தொழிலுக்கு எப்படி வடிவமைப்பது என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

இந்தச் சீட்டின் வயதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில் பாதைகளை சோவியத் தரப்பு அடைத்தது. மேற்கு நாடுகள் நிலக்கரியிலிருந்து மாவு வரை எல்லாவற்றையும் விமானத்தில் கொண்டுபோய் இறக்கின. ஒவ்வொரு நாட்டுச் சரக்குப் பட்டியலும் ஒவ்வொரு மாதிரி, ஒவ்வொரு மொழியில் வந்தது. எட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட், எல்லோருக்கும் பொதுவான ஒரு சுமைப் பட்டியல் வடிவத்தை உருவாக்கினார். டெலக்ஸிலும் அனுப்பலாம், ரேடியோவிலும் போனிலும் சொல்லலாம். பின்னாளில் அதே கில்பர்ட்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் கணினித் தரவுத் தரங்களை உருவாக்க முன்னின்றார். ஆக, மின் ஆவணங்களுக்குள் மூத்த பிள்ளை பில் அல்ல, சுமைப் பட்டியல். பின்னால் வந்த தம்பி வீட்டை எடுத்துக்கொண்டான்.

1979-இல் அமெரிக்காவில் மின் ஆவணத் தரங்களை வகுக்கும் எக்ஸ்12 குழு அமைந்தது. அதன் தரத்தில் இந்தச் சீட்டின் எண் 856. ஐக்கிய நாடுகள் அமைப்பின் எடிஃபேக்ட் தரம் 1987-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் இதற்கு டெசாட்வ் என்று பெயர். நீங்கள் வாடிக்கையாளரின் சப்ளையர் போர்ட்டலில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றின் திரை வடிவம்தான்.

856-இன் முதுகெலும்பு எச்.எல். என்கிற வரி. படிநிலை என்று பொருள். வண்டிக்கு ஒரு எச்.எல்., ஆர்டருக்கு ஒன்று, பேலட்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முதலில் தன் எண்ணைச் சொல்லும், பிறகு தான் எதற்குள் இருக்கிறதோ அதன் எண்ணைச் சொல்லும். நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போடுகிற மாதிரி. பெட்டிக்கு இனிஷியல் பேலட், பேலட்டுக்கு இனிஷியல் ஆர்டர், ஆர்டருக்கு இனிஷியல் வண்டி. வண்டிக்கு மட்டும் இனிஷியல் கிடையாது, குடும்பத் தலைவர் அல்லவா. இனிஷியல் மாறிப்போனால் என்ன ஆகும் என்று பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக்கும் பேலட்டுக்கும் பெயர் வைக்க 18 இலக்க எண் ஒன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. எஸ்.எஸ்.சி.சி. என்பார்கள். முதல் இலக்கத்துக்குப் பிறகு நிறுவனத்தின் எண். இந்தியாவில் வாங்கிய எண் என்றால் 890 என்று தொடங்கும். அதன்பின் நீங்களே கொடுக்கும் வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அனுப்பிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு அதே எண்ணை இன்னொரு பெட்டிக்கு வைக்கக் கூடாது. இந்த எண் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. "நான் இந்தப் பெட்டி" என்று மட்டும் சொல்லும். உள்ளே இருப்பதைச் சொல்வது ஏ.எஸ்.என்.-இன் வேலை. சீட்டு முன்னால் போய்ச் சேராவிட்டால் ஸ்டிக்கரில் இருப்பது வெறும் கோடு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. அதே காலத்தில் இந்த எஸ்டேட்டும் எழுந்தது. அவர்களுக்குப் பாகம் கொடுக்கும் பட்டறைகள், அந்தப் பட்டறைகளுக்குப் பிளேட்டிங் போடும் பட்டறைகள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இங்கே ஓர் எச்.எல். மரமே வளர்ந்து நிற்கிறது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். அதே வருடம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. தரம் ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம் என்று இரண்டு நெருக்கடியும் ஒரே சமயத்தில் நம் தலையில் வந்து உட்கார்ந்த காலம் அது.

கார் கம்பெனிக்கு எழுதும் ஏ.எஸ்.என்.-இல் ஆர்டர் எண்ணைவிட முக்கியமாக ஒன்று உண்டு. அமெரிக்க, ஜெர்மன் கார் கம்பெனிகளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். 'கம்' என்பார்கள், கூட்டிக்கொண்டே வரும் மொத்தம். ஷெட்யூல் வருடத்தின் முதல் நாளில் பூஜ்யம். அன்றிலிருந்து அனுப்பியதெல்லாம் ஏறிக்கொண்டே போகும். கம்பெனி "இன்னும் 1,200 அனுப்பு" என்று சொல்லாது. "வெள்ளிக்கிழமைக்குள் மொத்தம் 48,200 ஆகியிருக்க வேண்டும்" என்று சொல்லும். நீங்கள் சீட்டில் "இந்த லோடோடு மொத்தம் 47,600" என்பீர்கள். அவர்கள் கைக்கு வந்தது 47,000 என்றால், 600 பூந்தமல்லி ரோட்டில் எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம். ஒரே கழித்தலில் சாலையில் இருக்கும் சரக்கு தெரிந்துவிடுகிறது. இந்த முறையின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு லோடு கம்-இல் தப்பாக ஏறிவிட்டால் அந்தத் தப்பு வருடம் முழுக்க வட்டியில்லாமல் கூடவே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் தொழிலில் இன்னொன்று, திரும்பி வரும் டிரேவும் டிராலியும். அவை யாருடைய சொத்து, எத்தனை போயிற்று, எத்தனை திரும்பியது என்பதும் அந்தச் சீட்டில்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் "உங்க டிரே எங்ககிட்ட இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். நம்மிடம் சாட்சி இருக்காது.

இதே அம்பத்தூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி யூனிட்டுகள் இருக்கின்றன. அங்கே உலகமே வேறு. அமெரிக்கச் சில்லறைக் கடைகளின் பல கிடங்குகளில் பெட்டியைப் பிரிப்பதில்லை. கன்வேயர் பட்டையில் ஓடும் பெட்டியின் ஸ்டிக்கரை இயந்திரம் படித்து, எந்த ஊர்க் கடைக்குப் போகும் லாரி என்று பார்த்துத் தள்ளிவிடும். அதனால் அங்கே பெட்டிதான் ராஜா. ஆர்டருக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குக் கீழே சட்டை என்று எழுத வேண்டும். ஒரே சைஸ், ஒரே கலர் என்றால் சாலிட் பேக். சைஸ் கலந்து போட்டால் அசார்ட்டட், அதில் எந்த விகிதம் என்பதும் வர வேண்டும். பெட்டி முந்தி சீட்டு பிந்தினால் பில்லில் பணம் பிடிப்பார்கள், சார்ஜ்பேக். தையலில் ஒரு குறையும் இல்லாத சட்டைக்கு, ஸ்டிக்கர் சரியில்லை என்று பணம் போவதைப் பார்த்து வயிறெரிந்த எக்ஸ்போர்ட்டர்கள் திருப்பூரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. கிடங்கு நடத்துபவர் நிலையில் நின்று பார்த்தால் அவர்கள் செய்வதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வசூல் என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.

மருந்துக்கு வாருங்கள். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் அமைப்பு. அதன் மாவட்டக் கிடங்கில் மருந்து வந்து இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடாது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் வெளியே விடுவார்கள். அதுவரை தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். இங்கே முதல் கேள்வி எந்தப் பெட்டி என்பது அல்ல, எந்த பேட்ச் என்பது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சீட்டில் பொருளுக்குக் கீழே கடைசி வரியாக ஒளிந்திருந்தால் கிடங்குக்காரர் எல்லாப் பெட்டியையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2013-இல் வந்த மருந்து வழங்கல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி கீழே போய், ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி எண் கேட்கிறது. எந்த டப்பா எந்தப் பெட்டியில், எந்தப் பெட்டி எந்தப் பேலட்டில் என்று தாய் பிள்ளை உறவும் நடைமுறையில் தெரிய வேண்டியிருக்கிறது.

பால் டேங்கருக்கு இதெல்லாம் கிடையாது. அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருக்கிறதே, அங்கே வருகிற மாதிரியான டேங்கருக்குப் பெட்டி ஏது, பேலட் ஏது? டேங்கர், அதற்குள் அறைகள், ஒவ்வொரு அறையிலும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திடப்பொருள் எவ்வளவு, எந்தச் சூட்டில் கிளம்பியது, மூடியில் போட்ட சீல் எண் என்ன. பாலுக்கு நான் சீட்டு வடிவமைத்தால் இதைத்தான் கேட்பேன். கார் பாகத்துக்குப் போட்ட வடிவத்தைத் தூக்கி வந்து, பொருள் என்ற இடத்தில் பால் என்று எழுதினால் பால் திரிந்துபோகும்.

ஆவடி பக்கம் போனால் 1961-இல் அமைக்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை அங்கே உருவான டாங்குகள். பாதுகாப்புத் துறைக்குப் பாகம் கொடுப்பவர்களுக்கு ஆய்வாளரின் கையெழுத்து முதலில் வேண்டும். ஆய்வுச் சான்று இல்லாத பாகம் நேரத்துக்கு வந்தால் என்ன, முன்னாலேயே வந்தால் என்ன, வாசலுக்கு வெளியேதான். அங்கே சீட்டின் தலைப்பகுதியிலேயே அந்தச் சான்றின் எண் நிற்க வேண்டும்.

பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குள் ஐந்து தொழில், ஐந்து வகைச் சீட்டு. ஒரே மென்பொருளை வாங்கி எல்லோருக்கும் ஒரே படிவம் போதும் என்று விற்பவர்கள் வருவார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி நம் சொந்தச் சிக்கல். ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நாம் மின் ஆவணத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் அதே வருடம் ஜூன் 2 முதல், அதுவும் ஒரு லட்சத்துக்கு மேல் போனால். 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டு முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் வரை வந்துவிட்டது. இந்த அறையில் இருப்பவர்களில் பலர் தினமும் க்யூ.ஆர். கோடு அடித்த இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். பெரிய கம்பெனி கேட்டில் அதை ஸ்கேன் செய்து உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் நம்மில் பலர் இதையே ஏ.எஸ்.என். என்று நினைத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் அந்தப் படிவம் யாருக்காகப் போடப்பட்டது? வரி அதிகாரிக்காக. அவர் கேட்பது மதிப்பு எவ்வளவு, வரி எவ்வளவு, பொருளின் எச்.எஸ்.என். குறியீடு என்ன, வண்டி எண் என்ன. எந்த டிரேவில் எது என்று அவர் கேட்கப் போவதில்லை, அதைச் சொல்ல அங்கே இடமும் இல்லை. அந்தப் படிவத்தில் அன்றைய என் ஆயிரம் பிராக்கெட் சரியாகத்தான் இருந்திருக்கும். வண்டியும் கேட்டில்தான் நின்றிருக்கும்.

இதில் இன்னொரு முடிச்சு. நம் வழக்கப்படி இன்வாய்ஸ் முதலில், லோடிங் பிறகு. ஆறு மணிக்கு இன்வாய்ஸ் போட்டாயிற்று, ஏ.எஸ்.என். போட்டாயிற்று, ஏழு மணிக்கு வண்டியில் ஏற்றும்போது இரண்டு டிராலி கொள்ளவில்லை. இப்போது திருத்த வேண்டும். இ-இன்வாய்ஸை ரத்து செய்ய 24 மணி நேரம் உண்டு, ஆனால் இ-வே பில் நடப்பில் இருக்கும்போது முடியாது, முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். அக்கவுன்ட்ஸ் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் என்ன செய்வார்? "மிச்சம் அடுத்த வண்டில ஏத்திக்கலாம், கெளம்புப்பா" என்பார். சீட்டு பொய் சொல்ல ஆரம்பிப்பது அந்த நிமிடத்தில்தான். சூப்பர்வைசர் மேல் தப்பில்லை. வரிக்கான தாளும் பெட்டிக்கான தாளும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. என்னால் முடிந்த இடங்களில் நான் செய்தது இது: இன்வாய்ஸ் எப்போது வேண்டுமானாலும் போடட்டும், ஏ.எஸ்.என். அனுப்பும் பொத்தானை மட்டும் லோடிங் முடிந்து, டிரே ஸ்டிக்கர்களை ஸ்கேன் செய்து, வண்டிக் கதவு மூடிய பிறகுதான் அழுத்த வேண்டும். ஏற்றாத இரண்டு டிராலி ஸ்கேன் செய்யும்போதே கண்ணில் படும். கதவு மூடுவதற்கு முன்பே படும் என்பதால் வேறு வண்டி பார்க்கவும் நேரம் இருக்கும்.

இதற்கு நம் ஊரில் ஒரு தடை உண்டு. தூரம் போதாது. அமெரிக்காவில் சரக்கு இரண்டு நாள் ஓடும். மண்ணூர்பேட்டையில் கிளம்பும் குட்டியானை பாடிக்குப் பதினைந்து நிமிடத்தில் போய் நிற்கிறது. சீட்டு இடையில் இருக்கும் சர்வரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வண்டி முந்திவிடும். மேம்பாலத்தில் டிராஃபிக் இருந்தால்தான் நம் ஏ.எஸ்.என். முன்னறிவிப்பாகிறது. பக்கத்து வாடிக்கையாளருக்கு நேரடி இணைப்பு வேண்டும் என்று கேளுங்கள். பெங்களூருக்குப் போவதற்கு அவசரமில்லை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. அனுப்பியதும் 997 என்று ஒரு ஒப்புகை வரும். வந்துவிட்டது, எல்லாம் சரி என்று தூங்கப் போகாதீர்கள். அது தபால்காரர் கையெழுத்து மாதிரி. கவர் கிழியாமல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். கடிதத்தில் எழுதியது சரியா என்று அவர் பார்க்கவில்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி ஏதாவது?

(பிளேட்டிங் பட்டறை நடத்தும் ஒருவர் எழுந்து, மூன்று ஆட்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் தனக்கு இதெல்லாம் எதற்கு, தான் அனுப்புவது வெறும் டி.சி. எனப்படும் டெலிவரி சலான்தானே என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. உங்கள் டி.சி.யில் என்ன எழுதுகிறீர்கள்? "போல்ட், 500 கிலோ." சரி. அவர் உங்களுக்கு அனுப்பியதும் 500 கிலோ. ஜிங்க் ஏறினால் எடை கூடுமே? கூடும். அப்படியானால் 500 வந்து 500 போனால் கொஞ்சம் போல்ட் உங்கள் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஒரு தராசு பொய் சொல்கிறது. அந்த போல்ட் கார் கம்பெனிக்குக் கிலோவில் போகாது, எண்ணிக்கையில் போகும். உங்களிடமிருந்து வாங்குபவர் அதை எப்படி எண்ணுவார்?

எத்தனை டிரம்மில் போகிறது? "பன்னெண்டு இருக்கும்." அதை எழுதுகிறீர்களா? இல்லை. நாளைக்குக் காலையில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். டிரம் 1 முதல் 12 வரை, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ, எந்தத் தேதியில் போட்ட லாட், உங்களுக்கு வந்தபோது இரும்பு உருக்கிய தொகுதியைக் குறிக்கும் ஹீட் நம்பர் எது. அதே எண்ணை டிரம்மில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். தாளைப் போட்டோ எடுத்து, வண்டி கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கம்ப்யூட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.